கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் உண்டு

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் என்னை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். ஆறு மாதம் அவரோடு, ஆறு மாதம் தம்பியோடு. வீட்டைப் புரமோட்டரிடம் கொடுப்பதென்று முடிவாகிவிட்டதாம். இடித்துக் கட்டினால் நம் பக்கத்துக்கு மூன்று ஃப்ளாட் தருவாராம். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, மூன்றாவதை விற்று இரண்டு பேரும் பாதிப் பாதி. நான் அங்கே கொஞ்ச நாள், இங்கே கொஞ்ச நாள். இதையெல்லாம் அவர் சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்.

"அப்போ எனக்கு?" என்றேன்.

"அதான் சொல்றேனே. உன்னை நடுத்தெருவுலயா விடப்போறோம்? ரெண்டு வீடும் உன் வீடுதான்."

எங்கள் தெருவில் அக்டோபர் மாதம் வந்தால் மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்து ஜெபமாலை சொல்வார்கள். வைத்திருக்கும் வீட்டில் அன்று பூ உண்டு, சுண்டல் உண்டு, எல்லா மரியாதையும் உண்டு. மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் என்ன அக்டோபர் மாசத்து மாதாவா அண்ணே, வீட்டுக்கு வீடு தூக்கிட்டுப் போறதுக்கு?" என்றேன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முறைத்ததும் அதை இட்லியோடு சேர்த்து விழுங்கினான்.

அண்ணிதான் சுற்றி வளைக்காமல் பேசினாள். அந்த ஒரு விஷயத்தில் அவளை எனக்குப் பிடிக்கும். "உனக்குச் செய்ய வேண்டியதை மாமா அப்பவே செஞ்சுட்டாரே. ஒரு கல்யாணத்துக்கு ஆகுற செலவு உனக்கு ஆச்சு. இப்ப வந்து பங்கு கேட்டா எப்படி?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணி சொன்னது நான் கன்னியர் மடத்தில் துறவுக்கான வார்த்தைப்பாடு கொடுத்த நாளைப் பற்றி. பத்தொன்பது வயதில் மடத்துக்குப் போனேன். யாரும் தள்ளிவிடவில்லை, நானே ஆசைப்பட்டுத்தான் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் குடும்பங்களில் பெண் மடத்துக்குப் போவதை ஏறக்குறையக் கல்யாணமாகவே நடத்துவார்கள். அன்று எனக்குப் பட்டுப்புடவை கட்டினார்கள். தலையில் பூக்கிரீடம் வைத்து, அப்பா கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போனார். வாசலில் பந்தல், தெருவுக்கே பிரியாணி. மடத்துக்குச் சீதனம் என்று ஒரு தொகையும் போனது. பிறகு உள்ளே போய்ப் பட்டைக் கழற்றிவிட்டு வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா அழுத அழுகையைப் பார்த்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரியே இருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்களாம்.

பதினெட்டு வருடம் கழித்து நான் மடத்தை விட்டு வெளியே வந்தேன். முறைப்படி எழுதிக்கேட்டு, முறைப்படி அனுமதி வாங்கி வந்தேன். ஏன் வந்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. ஊரில் எல்லாரும் அதைத் தெரிந்துகொள்ளத் துடித்தார்கள். ஓடிவந்துவிட்டாள் என்றார்கள், துரத்திவிட்டார்கள் என்றார்கள், யாரோ ஒரு வாத்தியாரைச் சேர்த்துக்கூடப் பேசினார்கள். அந்த வாத்தியாரை நானும் பார்க்க ஆசைப்பட்டேன். கடைசிவரை கண்ணில் படவில்லை.

ஒன்றும் கேட்காதவர் அப்பா மட்டும்தான். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பா கதவைத் திறந்தார், என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார், "சாப்பிட்டியா?" என்றார். அதோடு சரி. அண்ணன்தான் மறுநாள் மாடியிலிருந்து இறங்கிவந்து, "கொஞ்ச நாளைக்கு அடையாறு பக்கம் இருக்கிற கோயிலுக்குப் பூசைக்குப் போயேன், இங்க எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றார். அவருக்குப் பேங்கில் உத்தியோகம், கோயில் கமிட்டியில் பதவி. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அதற்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்குப் போய்க் கிளிப்பச்சையில் ஒரு புடவை வாங்கியிருந்தேன். ஒரு மாதிரி பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் அந்த நிறத்தை எடுத்தேன்.

அப்புறம் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. சம்பளம் என்று சொல்ல வாய் கூசும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு காலையும் மாலையும் அவர்தான் என் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது. அண்ணன் தினமும் மாடியிலிருந்து இறங்கி வருவார், "எப்படி இருக்கீங்கப்பா?" என்பார், பேங்குக்குப் போவார். தம்பி மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அழுவான். நல்ல பிள்ளைகள்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. துறைமுகத்தில் சம்பாதித்து, சாந்தோம் பக்கம் மண்ணெல்லாம் உப்பாக இருந்த காலத்தில் வாங்கிக் கட்டிய வீடு. இப்போது அதன் மேல் புரமோட்டர் கண் விழுந்திருந்தது. எங்கள் தெருவில் அப்போதே இரண்டு வீடுகள் போய் ஃப்ளாட் வந்துவிட்டன.

இட்லி சாப்பிட்ட அன்று நான் மேற்கொண்டு வாதாடவில்லை. வாயடைத்துப்போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உண்டா இல்லையா என்பது எனக்கே தெரியாது. மடத்துக்குப் போகும்போது ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறேன், எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அண்ணன் அதைத்தான் மலைபோல நம்பினார். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. கையில் காசு இல்லை, கழுத்தில் தாலி இல்லை, பிள்ளை இல்லை, மடம் இல்லை. அந்த மூன்றாவது ஃப்ளாட் போனால், சாகிறவரை யார் வீட்டிலாவது கூடத்தில் பாய் விரித்து, அந்த வீட்டார் விளக்கை அணைக்கும்போது நானும் தூங்க வேண்டும்.

எதிர்வீட்டு மாமியிடம்தான் முதலில் வாயைத் திறந்தேன். மாமியின் கணவர் ஹைகோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாமி மொட்டைமாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் சட்டப்படி உண்டாம்டி" என்றாள் பிறகு. "அப்பா போனப்போ அண்ணாக்கள் ரெண்டு பேரும் காரை எடுத்துண்டு வந்தா. அழைச்சுண்டு போனா. ஒரு பட்டுப்புடவை வாங்கிக் குடுத்தா. ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல எங்க காட்டினாளோ அங்க எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பொறந்தாத்து உறவு வேணுமோல்லியோ. அதுக்கப்புறம் ஒரு தீபாவளிக்கு வா போன்னு கூப்பிட்டிருப்பாளா, கேளு."

"நீங்க கேட்டிருக்கலாமே மாமி."

"என்னத்தைக் கேக்கறது. அந்தப் புடவையை நான் இன்னும் கட்டலை." மாமி வடாத்தைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்குச் சட்டமே வேறன்னு இவர் சொல்லிண்டிருப்பார். போய்க் கேளு. ஆனா ஒண்ணு, யார் கார் எடுத்துண்டு வந்தாலும் ஏறாதே."

மாமியின் கணவர் சொல்லி ஆழ்வார்பேட்டையில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண்தான், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது இருக்கும். நான் மடம், அங்கி, வார்த்தைப்பாடு என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல, அவர் எழுதிக்கொண்டே போய்ப் பேனாவை மூடினார்.

"அப்பா கிறிஸ்தவர். உயில் இல்ல. அம்மா இல்ல. அப்போ பிள்ளைங்களுக்குச் சரிசமம். மகன், மகள்னு பிரிக்கிறதே கிடையாது. கல்யாணம் ஆயிருந்தாலும் ஒண்ணுதான், ஆகலைன்னாலும் ஒண்ணுதான்."

"நான் எல்லாத்தையும் வேண்டாம்னு எழுதிக்குடுத்திருக்கேனே."

"அப்போ உங்கப்பா உயிரோட இருந்தாரா?"

"இருந்தார்."

"அப்போ வீடு அவருது. உங்க கையில இல்லாததை நீங்க எப்படி விட்டுக்குடுப்பீங்க? அது செல்லாது. மடமே உங்களை விடுவிச்சாச்சு. இப்ப உங்க அண்ணன் மட்டும் விடாம பிடிச்சு வெச்சிருக்காரா?"

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆழ்வார்பேட்டையிலிருந்து லஸ் வழியாக, வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பம். சட்டமும் எங்களுடையது. ஆனால் பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்றால் மட்டும் தெருவில் எல்லாரும் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டிருந்தோம். எங்கள் அத்தைகளும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்களிடம் எவரும் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரமே புரமோட்டர் இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு, டேப்போடு அளக்க வந்தார். அண்ணன் பேங்கில் இருந்தார். நான் கதவைத் திறந்தேன்.

"சார் இல்லியா? பரவால்ல, நாங்க அளந்துக்கினு போய்டறோம்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அவர் தங்கச்சி."

"தங்கச்சி மடத்துல கீதுன்னாரே."

"இப்ப இங்கதான் கீது" என்றேன். "உக்காருங்க, காபி போடறேன்."

காபி குடித்து முடிப்பதற்குள் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெயர், என் வக்கீலின் பெயர், என் மூன்றில் ஒரு பங்கு. அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தொழில்காரர்.

"எனக்கு இன்னாமா, ரெண்டு கையெழுத்தோ மூணு கையெழுத்தோ. ஆனா உங்களை வுட்டுட்டு கட்டிட்டேன்னு வையி, நாளைக்கு ஸ்டே வாங்குவீங்க."

"வாங்குவேன்."

"அதான். நான் சாரை பாத்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அளக்காமலே போனார்.

அன்று சாயங்காலம் மாடியில் எழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அண்ணன் ஏற்கனவே அட்வான்ஸ் வாங்கி மகனின் இஞ்சினியரிங் சீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அப்பனை நாலு வருஷம் பாத்துக்கிட்டதுக்குக் கூலி கேக்குறா" என்றாள் அண்ணி, எனக்குக் கேட்கட்டும் என்றே. நான் மாடிப்படியின் கீழே நின்று, "கூலி கேட்டா உங்களால குடுக்க முடியாது அண்ணி, நான் பங்குதான் கேக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சமையலறையில் சிலிண்டர் இல்லை. கேஸ் இணைப்பு அண்ணன் பெயரில் இருந்தது. மேலே தூக்கிப்போய்விட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மயிலாப்பூர்க் குளத்தங்கரைப் பக்கம் போய் ஒரு பம்ப் ஸ்டவ் வாங்கி வந்தேன். அன்று மத்தியானம் அண்ணியின் பிறந்த வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். நான் கீழே மாடிப்படிக்கு நேராக ஸ்டவ்வை வைத்து நெத்திலிக் கருவாட்டை நிதானமாக வறுத்தேன். மண்ணெண்ணெய்ப் புகையும் கருவாட்டு வாடையும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. எதிர்வீட்டு மாமி தெருப்பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஆனால் அதற்காக என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

அண்ணன் கோர்ட்டுக்குப் போக விரும்பவில்லை. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், புரமோட்டர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். அதனால் கோயில் ஃபாதரிடம் போனார். எங்கள் பக்கம் குடும்பச் சண்டை என்றால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். ஃபாதர் நல்லவர், வயதானவர், சண்டை என்றாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எங்கள் மூவரையும் கோயிலை ஒட்டி அவர் குடியிருக்கும் அறை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அண்ணன் கையில் ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார். வீட்டுக் கூடத்தில் இத்தனை வருடமாக மாட்டியிருந்த என் வார்த்தைப்பாட்டுப் படம். ஆணியிலிருந்து கழற்றி, தூசு தட்டி எடுத்து வந்திருக்கிறார். அதை ஃபாதரின் மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க ஃபாதர். பட்டுப்புடவை, மாலை, கிரீடம். எங்கப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறார். ஊரைக் கூட்டிப் பந்தி போட்டோம். மடத்துக்குச் சீதனம் குடுத்தோம். இது கல்யாணம் இல்லாம வேற என்ன? கட்டிக்கொடுத்த பொண்ணு திரும்பி வந்து சொத்துல பங்கு கேட்டா அது நியாயமா?"

ஃபாதர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விட்டுக்கொடுத்துப் போறதுதானே அம்மா நம்ம வாழ்க்கை" என்றார்.

"பதினெட்டு வருஷம் அதைத்தான் ஃபாதர் செஞ்சேன். இனிமே அண்ணன் கொஞ்ச நாள் செய்யட்டும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணன் சொல்றதை நான் மறுக்கவே இல்ல ஃபாதர். கல்யாணம்னே வெச்சுக்குவோம். என்னை நல்லாத்தான் கட்டிக்கொடுத்தாங்க. ஆனா நம்ம சட்டத்துல கட்டிக்கொடுத்த பொண்ணுக்கும் உண்டு. அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவு, தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு. வக்கீலைக் கேட்டுட்டுதான் வந்திருக்கேன். அண்ணனும் வேணும்னா கேட்டுக்கட்டும்."

அண்ணன் முகத்தை நான் அன்று பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. என்னை ஏமாற்றுகிறோம் என்று நினைத்து அவர் செய்யவில்லை. கட்டிக்கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று அத்தனை நிச்சயமாக நம்பியிருந்தார். அது தெரிந்தபோது என் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது. வேண்டுமென்றே திருடியிருந்தால்கூட என்னை ஒரு ஆளாக மதித்தார் என்றாவது இருக்கும். இவர் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"சட்டம் ஆயிரம் சொல்லும்" என்று எழுந்தார். "குடும்பம்னு ஒண்ணு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டோம்." போட்டோவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதில் இருந்த பெண் நன்றாகத்தான் இருந்தாள்.

ஆனால் 'நாங்க ரெண்டு பேரும்' என்றது என்னைக் குத்தியது. தம்பியை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இரண்டு நாள் கழித்து அவன் தனியாக என் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தான். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தான், டிபன் பையோடு. பக்கத்து டீக்கடையில் நின்று பேசினோம்.

"அக்கா, நான் உனக்கு எதிரி இல்லக்கா. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த மூணாவது ஃப்ளாட்டை வித்து வர்றதுல பாதி வந்தாத்தான் அவளைக் கரையேத்த முடியும். நீ என்கூடவே இரு. சாகிற வரைக்கும் என்கூட இரு. நான் உனக்குக் கஞ்சி ஊத்த மாட்டேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. ஊற்றுவான். மாம்பலத்தில் அவன் இருப்பது ஒற்றை அறையும் சமையல்கட்டும். அதில் எனக்கும் இடம் போடுவான். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பார்க்கிறார் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம், சரி போகட்டும் எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. எத்தனையோ பெண்கள் கையெழுத்துப் போட்டது இப்படி ஒரு நிமிடத்தில்தான் இருக்கும்.

"உனக்கு எத்தனை பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்னக்கா இது, தெரியாதா? ஒரே பொண்ணுதான்."

"அவளைக் கட்டிக்கொடுத்துடுவே. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் ஃப்ளாட் யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"எப்படி அவளுக்கு? அவளைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே. செலவெல்லாம் செஞ்சாச்சே. கட்டிக்கொடுத்தா முடிஞ்சுதுன்னு நீயும் அண்ணனும்தானே ஃபாதர் முன்னாடி உக்காந்திருந்தீங்க. அப்போ உன் ஃப்ளாட் அண்ணன் பசங்களுக்குப் போகணும், அவனுங்கதானே ஆம்பளப் பிள்ளைங்க. உன் பொண்ணு வந்து கேட்டா, உங்கப்பன் பந்தி போட்டானேம்மான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. சரியா?"

தம்பி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். டீயில் ஆடை கட்டியது. அவன் காசு கொடுத்துவிட்டு, மாம்பலத்துக்குப் பஸ் ஏறினான். வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டான். "மூணு பேர்னா கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேர்னா என்னை விட்டுடுங்க." அண்ணனை எதிர்த்து அவன் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "சாதிச்சுட்டே" என்றார். "ஆமாம்" என்றேன். பணிவாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பணிவு வரவில்லை.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மயிலாப்பூர் ரிஜிஸ்திரார் ஆபீஸில் அண்ணன் என்னோடு ஒரு பெஞ்சில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு வீட்டை இடித்தார்கள், கட்டினார்கள். மூன்றாவது ஃப்ளாட் என் பெயரில் வந்தது. தரைத்தளம், ஒரு படுக்கையறை, ஒரு கூடம், கடல் காற்று வரும் சமையலறை. தம்பி மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினான். என் சேமிப்பிலிருந்து முடிந்ததைக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான். அது வேறு, இது வேறு.

அண்ணன் ஒரே கட்டிடத்தில் என் தலைக்கு மேலே குடியிருந்துகொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வாட்ச்சைப் பார்ப்பார். நானும் விட்டுவிட்டேன். என் வீட்டில் நான் நினைத்தபோது விளக்கை அணைத்தேன், நினைத்தபோது போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தின் நடுவில் கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். எழுப்ப ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அண்ணன் பின்னால் நின்றார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். உள்ளே வந்து உட்கார்ந்தார். மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்றார். வெயில் அதிகம் என்றார். நான் காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உனக்கும் வயசாகுது. உனக்குன்னு யாரும் இல்ல. இதை யார் பேருக்காவது இப்பவே ஒரு உயில் எழுதி வெச்சிடறது நல்லதில்லையா? நம்ம பசங்க இருக்கானுங்க. பின்னால வீண் பிரச்சினை வரக் கூடாது பாரு."

"நான் இன்னும் சாகலையே அண்ணே" என்றேன்.

"சேச்சே, அதுக்குச் சொல்லல."

"யோசிக்கிறேன்."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வருகிறார். சில வாரம் பழம், சில வாரம் பட்டினப்பாக்கத்து வஞ்சிரம். அண்ணி அதைக் கழுவி மசாலா தடவியே கொடுத்துவிடுகிறாள். உயில் பேச்சை அவர் நேராக எடுப்பதில்லை, நானும் எழுதினேனா இல்லையா என்று சொல்வதில்லை. காபி குடிக்கிறார், பேங்க் கதை பேசுகிறார், அம்மா வைக்கும் குழம்பைப் பற்றிப் பேசுகிறார், போகிறார். எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாரம் வராவிட்டால் உடம்பு சரியில்லையோ என்று கூரையை அண்ணாந்து பார்க்கிறேன். கூடப் பிறந்து தொலைத்துவிட்டோம், என்ன செய்வது.

உயில் எழுதுவதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. அதே வக்கீல் பெண்ணிடம் போய், எழுதாமலே நான் செத்துப்போனால் இது யாருக்குப் போகும் என்று கேட்டேன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை, அப்படியென்றால் கூடப் பிறந்த இரண்டு பேருக்கும் சரிசமமாகப் போகும் என்றார். எழுதணுமா என்று பேனாவைத் திறந்தார். மூடச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்குச் சேர வேண்டியது அவருக்கு வரும். பழச்சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் அவர் உட்கார வேண்டியதில்லை, என்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை, ஃபாதர் முன்னால் போய் நியாயம் பேச வேண்டியதில்லை. இந்த வீட்டில் பிறந்தார் என்ற ஒரே காரணம் போதும். எனக்குப் போதாது என்று அவர் சொன்ன அதே காரணம். இதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை.